கிழக்குச் சுவர்

காகிதம் கிழிந்திருந்தது. கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கக் கட்டிலோரம் குனிந்தபோது ரெஜினா அதைப் பார்த்தாள்; பார்த்த கையோடு பார்க்காதவள் மாதிரி நிமிர்ந்தும்விட்டாள். கிண்ணத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனாள், குழாயைத் திறந்தாள், கழுவின கிண்ணத்தையே மறுபடியும் கழுவினாள். கிழிந்திருக்காது, மடிந்திருக்கும், சோற்றுப் பசை காய்ந்தால் ஓரம் தூக்கத்தான் செய்யும். சனிக்கிழமை ஒட்டியது. இன்றைக்குப் புதன். செய்தித்தாளின் ஓரத்தில் அச்சில்லாத வெள்ளைப் பகுதியை விரலகலத்துக்குக் கத்தரித்து, வேளாங்கண்ணி மாதா காலண்டருக்குக் கீழே, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டச் சொன்னவர் கொத்தனார் சூசை. "காகிதம் முழுசா இருந்தா சுவர் நிக்குதுன்னு அர்த்தம்மா. கிழிஞ்சா சுவர் நடக்குது." அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. நடக்குது. நூற்றுப் பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில் நின்ற சுவர் எங்கே நடக்கும்? நடக்க முடியாத மனுஷர் ஒருவர் அதன் ஓரமாகப் படுத்திருக்கிறார், அவரை விட்டுவிட்டு அது மட்டும் நடக்குமா? கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள், போகவில்லை. பார்க்காதவரைக்கும் அது மடிந்த காகிதம்தான். பார்த்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்ததை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

வானம் காலையிலிருந்தே சரியில்லை. சிறுமலை உச்சி தெரியவில்லை, பாதி மலைக்கு மேல் யாரோ அழித்துவிட்டாற்போல இருந்தது. ஐப்பசி பிறந்து ஆறு நாள் ஆகிறது. இந்த மாதம் வந்தாலே செய்தித்தாளில் நாலாம் பக்கத்தில் ஒரு கட்டம் வரும், வருஷா வருஷம், ஊர்ப்பேர் மட்டும் மாறும், மண் சுவர் இடிந்து விழுந்து முதியவர் பலி, மண் சுவர் இடிந்து தாயும் மகளும். அந்தக் கட்டத்தை அவள் படிப்பதில்லை. படிக்காமலே எல்லாம் தெரிந்திருந்தது. அதெல்லாம் ஏழைகள் அவசரத்துக்கு எழுப்பிய சுவர், இது அப்படியா? அவள் புருஷன் இன்னாசிமுத்துவின் தாத்தா, மிஷன் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த சவரிநாதன், இந்த மண்ணிலேயே குழி வெட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்து, சுடாத செங்கலாக அறுத்து ஒரு கோடை முழுக்க வெயிலில் காய வைத்துக் கட்டியது. வெட்டின குழிதான் இன்றைக்கும் தோட்டத்துக் குளம். இரண்டு முழ கனம். வாசலில் நீலப் பலகை இருக்கிறது, பாரம்பரியக் கட்டடம் என்று. மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, ஏசி போட்ட மாதிரி இருக்கே ஆன்ட்டி என்பார்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார்கள், அத்தி மரத்தில் குக்குறுவானையும் முள்முருங்கையில் தேன்சிட்டையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது அவர்கள் முகமே வேறாக இருக்கும். அவளுக்கு அப்போதெல்லாம் ஒரு பெருமை. இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான் என்று. அந்தப் பெருமை இப்போது நினைக்கவே கூசியது. ஏனென்றால் சவரிநாதன் ஒன்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார், மாமியார் அதை அவளுக்குச் சொன்னாள், கல்யாணமாகி வந்த மறுவாரமே சொன்னாள்: சுவருக்கு நாலடி தள்ளித்தான் செடி, நாலடி தள்ளித்தான் தண்ணீர். சுவரைச் சுற்றிக் கல் பாவியிருந்தது அதற்காகத்தான். அந்தக் கல்லைப் பெயர்த்தவள் யார்?

பெயர்த்தவள் அவள்தான். போன வருஷம் பிப்ரவரி. கொய்யாக் கிளையைக் கழித்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து கத்தரிக்கோலைக் கீழே போட்டார், அதை எடுக்கக் குனிகிறார் என்று அவள் நினைத்தாள், ஆனால் அவர் குனியவில்லை, விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலப்பக்கம் மொத்தமும் போயிருந்தது, பேச்சும் போயிருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்த வாய் தண்ணீர் கேட்க ஒரு நிமிஷம் தேடியது. கிழக்கு அறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டாள். அப்போதும் அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே வெறும் கல்தரையில்தான் விழுந்தது. பறவைகளெல்லாம் தூரத்தில், அத்தியில், மாதுளையில். அவருக்குத் தூரம் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. அப்படியானால் பறவை பக்கத்தில் வரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தாள். பறவை பார்க்க வந்த ஒருவர், சொட்டுகிற சத்தம் கேட்டால் கூடுதலாக வரும் என்றார். பிளாஸ்டிக் குழாயை இழுத்து, சொட்டுச் சொட்டாக விழும்படி கட்டினாள். நிழலுக்கு இட்லிப்பூச் செடி வேண்டியிருந்தது, அதற்காகக் கல்லைப் பெயர்த்தாள். பத்தே நாளில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து சண்டை போட்டுக்கொண்டு குளித்தன, அவர் வாயின் ஒரு பக்கம் மேலே போயிற்று. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதாள். இருபது மாதம். இருபது மாதமாகச் சொட்டுச் சொட்டாக, ராவும் பகலும், ஆட்டுக்கல் நிரம்பி வழிந்து வேறு எங்கே போகும், சுவரின் காலடிக்குத்தான் போகும். அவளே ஊற்றியிருக்கிறாள். தன் கையாலேயே. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு கல்தடுக்கின மாதிரி நின்றது, பின்வாங்கியது, மறுபடி காகிதத்துக்கே போயிற்று. மடிந்திருக்கும். மடிந்துதான் இருக்கும்.

போய்ப் பார்த்தாள். மடியவில்லை. நடுவில் கிழிந்து, இரண்டு துண்டுக்கும் இடையே கோதுமை மணி அகலத்துக்கு இருட்டு தெரிந்தது. அவருடைய தலைமாட்டுப் பக்கம், அவரால் திரும்பிப் பார்க்க முடியாத இடம். அதில்தான் அவள் இத்தனை நாள் தைரியமாக இருந்தாள். ஆகஸ்டில் விரிசல் முடிபோல முதலில் தெரிந்தபோது சுண்ணாம்பும் மண்ணும் குழைத்துப் பூசினாள், அவர் தூங்கும்போது. அது வெடித்ததும் காலண்டரை மாட்டினாள். காலண்டரைத் தாண்டி வளர்ந்த பிறகுதான் சூசையைக் கூப்பிட்டாள், அதுவும் அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து. சூசை வெளிப்பக்கம் போய்ச் சுவரின் அடியை ஒரு குச்சியால் குத்தினார், குச்சி தோசை மாவில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தண்ணியை நிறுத்துங்க, நல்லா காயட்டும், அப்புறம்தான் கை வைக்க முடியும் என்றார். நிறுத்தினாள். மூன்று நாள் நிறுத்தினாள். குருவி வரவில்லை. முதல் நாள் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டாம் நாள் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்தார், மூன்றாம் நாள் வாயைத் திறக்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் குழாயைத் திறந்துவிட்டாள். சனிக்கிழமை சூசை போனில் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, நிறுத்தியாச்சு சூசை, அன்னைக்கே நிறுத்தியாச்சு என்று சொன்னாள். எவ்வளவு இலகுவாகச் சொன்னாள்! மகள் மெர்சியிடமும் அப்படித்தான், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, வீடெல்லாம் நல்லா இருக்குடி, மழைக்கு ஒண்ணும் பயமில்லை. மெர்சிக்குத் தெரிந்தால் மறுநாளே பெங்களூரிலிருந்து காரோடு வந்து நிற்பாள். ஒன்பதாவது மாடி. அங்கே அப்பாவுக்கு ஜன்னலில் என்ன தெரியும், எதிர் பில்டிங்கின் ஜன்னல் தெரியும், புறா தெரியும், வலை கட்டியிருப்பார்கள்.

சூசைக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார், பின்னால் கலவை இயந்திரம் ஓடியது. வத்தலக்குண்டில் கான்கிரீட் போடுகிறார்களாம், பாதியில் விட்டு வர முடியாதாம், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வருகிறாராம். காகிதம் கிழிந்ததைச் சொன்னாள். தண்ணி நிறுத்தி ஒரு மாசம் ஆச்சேம்மா, காஞ்சிருக்கணுமே, அப்புறம் ஏன் கிழியுது என்றார். இப்போது சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகாது. அவள் நாக்கு, தெரியலையே சூசை, என்றது. "சரி, அத விடுங்க. ஐயாவ முதல்ல அந்த ரூம்ல இருந்து எடுத்துருங்க. மழைக்கு முன்னால. யாரையாச்சும் கூப்பிட்டுக்கங்க." யாரை? பக்கத்துத் தோட்டத்தில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், காலையில் அவர்களே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மழைக்கு முன்னால் என்றால் எப்போது, மூன்று மணியா, நாலா? நேற்றும் இப்படித்தான் இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போயிற்று. ஒருவேளை இன்றைக்கும். ஒரு மனுஷரை அவருக்கு மிஞ்சியிருக்கிற ஜன்னலிலிருந்து பிடுங்கி நடு அறை இருட்டில் போடுவதற்கு ஒருவேளை என்பது போதுமா?

அறைக்குள் போனபோது அவர் விழித்திருந்தார். இடது கையால் மெல்லத் தட்டிக் கூப்பிட்டார், ஜன்னலைக் காட்டினார். ஆட்டுக்கல்லின் விளிம்பில் வெள்ளை வால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, ஒரு சாணுக்கு மேல், ரிப்பனைத் தொங்கவிட்டாற்போல. அரசவால் ஈப்பிடிப்பான். மலையிறங்கி வருஷத்துக்கு ஒருமுறை இந்த மாதத்தில் வரும், போன வருஷம் இரண்டு நாள்தான் இருந்தது. தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எழும்பியது, இட்லிப்பூச் செடியில் உட்கார்ந்து சிலிர்த்தது, மறுபடி முக்கியது. அவருக்கு மூச்சே விட மனமில்லை. அவள் பறவையைப் பார்க்கவில்லை. வாலிலிருந்து சொட்டின தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். சுவர்ப் பக்கம் விழுந்தது. ஒரு துளி. இந்த ஒரு துளியா? இப்படித்தான் ஆகிவிட்டது அவளுக்கு, ஒரு பறவையைப் பறவையாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று, எல்லாம் ஈரமாகத்தான் தெரிகிறது. இது போகட்டும், இது குளித்து முடித்துப் போனதும் அவரை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அது போகவில்லை. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அவர் முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. போயேன், சனியனே, போயேன் என்று மனதுக்குள் கத்தினாள், கத்தியதற்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள், காலண்டரில் இருந்த மாதாவிடம், விரிசலை மறைத்துக்கொண்டு நின்ற மாதாவிடம். அப்போதுதான் காலண்டரின் பின்னாலிருந்து சர்ரென்று பொடிமண் கொட்டியது. ஒரு கைப்பிடிகூட இருக்காது. பறவை எழும்பிப் போய்விட்டது. ஓட்டின்மேல் முதல் துளிகள் தனித்தனியாக விழுந்தன, எண்ணக்கூடிய மாதிரி, பிறகு எண்ண முடியாத மாதிரி.

கட்டில் தேக்கு, அவளால் அசைக்க முடியாது. மெத்தையோடு இழுக்கலாம். பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள், இடுப்பால் இழுக்கணும்மா, முதுகால் இழுக்காதீங்க. ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தாள், தலையணைகளை மட்டும் கட்டிலிலேயே விட்டுவிட்டு, மெத்தையின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தது. நின்றுவிட்டது. கனம் என்று நினைத்து மறுபடி இழுத்தாள், அப்புறம்தான் பார்த்தாள், அவர் இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. நல்லா இருக்கிற ஒரே கை. விரலெல்லாம் வெளுத்துப்போகப் பிடித்திருந்தார். ஏங்க, விடுங்க, மழைச்சாரல் அடிக்குது, கொஞ்ச நேரம் நடுவீட்டுல படுத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். சுண்டுவிரலைப் பிரித்தாள், அடுத்த விரலைப் பிரிப்பதற்குள் சுண்டுவிரல் திரும்பப் பிடித்துக்கொண்டது. கம்பி நடுங்கியது. கம்பி எதில் பதிந்திருக்கிறது? அந்தச் சட்டம் எதில் பதிந்திருக்கிறது? அவர் பிடித்து இழுப்பதே சுவரைத்தான் என்பது உறைத்ததும் அவள் அவர் விரல்களை விட்டுவிட்டாள்.

"சுவர் விழப்போகுதுங்க," என்றாள். "விரிசல் விட்டு ரெண்டு மாசமாச்சு. நான்தான் பூசி மறைச்சேன். அந்தத் தண்ணிதான் காரணம். நான் வச்ச தண்ணி. சூசை நிறுத்தச் சொன்னாரு, நான் நிறுத்தாமயே நிறுத்திட்டேன்னு சொன்னேன். எல்லாம் நான்தான்."

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் அவளைப் பார்த்தார். உதடு வார்த்தையைத் தேடி அசைந்தது. அவள் வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள், தண்ணியா, விசிறியா, திரும்பணுமா என்று. இப்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றார். பிறகு, "மண்ணு... கொட்டும். காதுல... கேக்கும்."

"தெரியுமா? எத்தனை நாளா?"

வேறொன்று வந்தது, ஒரே வார்த்தை: "மெர்சி."

அவ்வளவுதான் சொன்னார், அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காலண்டருக்குப் பின்னால் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிர்கிற சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு, சொன்னால் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அவளும் அதற்காகத்தான் மூடிக்கொண்டிருந்தாள். ஒரே பொய்யை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கோபம் வந்தது அவளுக்கு, செத்துப்போயிருப்பீங்களே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்குள் அவர் கம்பியை விட்டார். தானாகவே விட்டார்.

இழுத்தாள். மெத்தை கட்டிலிலிருந்து ஜமுக்காளத்தில் இறங்கியபோது அவர் தலை இடித்துவிடுமோ என்று தன் முன்னங்கையைக் கொடுத்தாள், கை எரிந்தது. சிவப்புத் தரையில் ஜமுக்காளம் வழுக்கிக்கொண்டு வந்தது, நிலைப்படியில் முட்டி நின்றது. அங்கே அவர் இடது காலால் உந்தினார். நடு அறைக்கு வந்து, எதிர்ச் சுவர் வரைக்கும் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் அவள் உட்கார்ந்தாள். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. மழை ஓட்டின்மேல் நின்று அடித்தது. திறந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது, தலையணை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, சுவர் நின்றது. கடிகாரம் நாலு பத்து. நாலு இருபது. சுவர் நின்றது. ஒன்றுமில்லையோ? கொஞ்சம் பொடிமண் விழுந்ததற்கு இந்தப் பாடுபடுத்திவிட்டேனோ, பக்கவாதக்காரரைத் தரையில் தரதரவென்று இழுத்துப்போட்டு, எல்லாவற்றையும் வேறு சொல்லித் தொலைத்து. சூசை நாளைக்கு வந்து சிரிப்பார். நாலு இருபத்தைந்து. விழுந்துவிடேன் என்று நினைத்தாள். நினைத்தது தெரிந்ததும் திடுக்கிட்டாள். தாத்தா கட்டினது, அவர் பிறந்த அறை, மெர்சி பிறந்த அறை, அது விழட்டும் என்றா நினைக்கிறேன்? நான் சொன்னது சரி என்று ஆவதற்காகவா? இல்லை, காத்துக்கொண்டிருப்பது முடிவதற்காக. ஆகஸ்டிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பது முடிவதற்காக. அதற்கு முன்னாலிருந்தும்தான், பிப்ரவரியிலிருந்து, ஒவ்வொரு விடியலிலும் அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பதிலிருந்து.

விழுந்தபோது பெரிய சத்தம் இல்லை. நெல்மூட்டையை யாரோ தோளிலிருந்து இறக்கின மாதிரி ஒரு தொப்பென்ற ஓசை, தரை ஒருதடவை அதிர்ந்தது, ஓரத்து ஓடுகள் சில வரிசையாகச் சரிந்து உடைந்தன. ஈரம் ஏறின பக்கமே சாய்ந்து, சுவர் வெளிப்பக்கமாக, ஜன்னலையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கட்டில் அப்படியே இருந்தது. தலையணைமேல் ஒரு கட்டிகூட விழவில்லை. அவரை அங்கேயே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் மனசு அதில் நிற்கவில்லை, நழுவிப் போனது. சுவர் இருந்த இடத்தில் தோட்டம் இருந்தது. அத்தி மரம் அடிமுதல் நுனிவரை தெரிந்தது, நனைந்துகொண்டு, அதற்குப் பின்னால் குளம், மழை விழுந்து பொரிகிற குளம். சாரலோடு மண்வாசனை உள்ளே வந்து நடு அறைவரை நிரம்பியது. பறவை ஒன்றுகூட இல்லை.

அவள் ஜமுக்காளத்தின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மெர்சிக்கு இன்னைக்கே சொல்லிடணும் என்றாள், யாரிடம் என்றில்லாமல். அவர் தலையசைத்தார். அவர் தோட்டத்தைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா... இருக்கா?"

படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் மட்டுமல்ல, வந்தவர்கள், போனவர்கள், டாக்டர், மெர்சி, யாரும் கேட்டதில்லை. ஐயா எப்படி இருக்காங்க என்றுதான் கேட்பார்கள், அவளும் பரவாயில்லை என்பாள்.

"இருக்குங்க," என்றாள். "ரெண்டு வருஷமா இருக்கு."

அவர் இடது முழங்கையை ஊன்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலால் தரையை உதைத்து, மூச்சிரைக்க, மெத்தையில் ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்ந்தார். இன்னும் அரைச் சாண். அதற்கு மேல் முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு ஆளுக்குப் போதுமான இடம். ரெஜினா அழுக்குச் சேலையோடு அதில் படுத்தாள்.